அத்தியாயம் 7: நாலரை மணிக்கு வீடு திரும்பும் பிள்ளை

பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சண்டைக்கென்று ஒரு நேரம் உண்டு. மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை. பை ஒரு மூலையில் விழும், ஷூ இன்னொரு மூலையில் விழும். "இன்னைக்கு என்ன நடத்துனாங்க?" என்று அம்மா கேட்பார். பதில் வராது. "டியூஷனுக்கு நேரமாச்சு" என்பார். கதவு அறையப்படும். இரவு அப்பா வந்ததும் விசாரணை தொடங்கும்.

அந்தக் கதவு அறைதலுக்குக் காரணம் திமிர் என்று நினைத்தால் அடுத்த இரண்டு வருடமும் இப்படியே போகும். ஆட்டிசம் உள்ள பிள்ளை காலை ஒன்பது மணியிலிருந்து சத்தத்தையும் நெரிசலையும், யார் எப்போது என்ன சொல்வார்கள் என்ற குழப்பத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருக்கும். ஏடிஹெச்டி உள்ள பிள்ளை எட்டுப் பிரிவேளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கே அன்றைய சக்தியைச் செலவழித்திருக்கும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை, தன்னை எழுந்து வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு வகுப்பிலும் பயந்திருக்கும். அடக்கி வைத்ததெல்லாம் பாதுகாப்பான இடம் வந்ததும் வெளியே வருகிறது. ஸ்கூலில் சாதுவாக இருப்பதாக மிஸ் சொல்லும் பையன் வீட்டில் மட்டும் வெடிப்பது இதனால்தான். அவன் வீட்டை நம்புகிறான் என்றும் இதற்கு அர்த்தம் உண்டு. அந்த நேரத்தில் அது ஆறுதலாக இருக்காது என்பது வேறு.

இந்த அத்தியாயம் 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. 2007இல் 'தாரே ஜமீன் பர்' வந்த பிறகு டிஸ்லெக்சியா என்ற சொல் நம் ஊர்களிலும் புழங்க ஆரம்பித்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் படத்துப் பையனுக்கு எட்டு, ஒன்பது வயது. மீசை அரும்பும் வயதில், தன்னைவிட உயரமாகிவிட்ட மகனை எப்படிச் சமாளிப்பது என்று எந்தப் படமும் சொல்லவில்லை. அந்த இடத்திலிருந்து நாம் தொடங்குவோம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வீட்டை இரண்டாவது பள்ளிக்கூடமாக மாற்றாதீர்கள். மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதற்கான வழிகள்.

ஒன்பதாம் வகுப்பில் ஏன் திடீரென்று?

"எட்டாவது வரைக்கும் நல்லாத்தான் சார் போயிட்டிருந்தான்" என்பார்கள். உண்மையில் எட்டாவது வரை யாரும் நிறுத்தி வைக்கவில்லை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அதுவரை எல்லோரும் அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். ஒன்பதாவதில் பாடப் பகுதி பெருக்கிறது, ஒரு பக்க விடைகள் வருகின்றன, பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வின் பயம் ஆசிரியர்களையும் பிடித்துக்கொள்கிறது. நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டிய பள்ளியில் இந்தப் பிள்ளை திடீரென்று ஒரு பிரச்சினை ஆகிறது. "வேற ஸ்கூல் பாருங்களேன், அவனுக்கும் நல்லது" என்று மென்மையாகச் சொல்வார்கள். உடனே டி.சி. வாங்கிவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இருக்கின்றன. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால் ஏடிஹெச்டி உள்ள பல பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும் என்பதால் இரண்டையும் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள்.

இன்னொன்று. தமிழை எழுத்துக்கூட்டி மெதுவாகவாவது சரியாக வாசித்துவிடும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்காது என்று நினைக்க வேண்டாம். வாசிப்பதை ஓரளவு சமாளித்தவர்கள்கூட எழுதும்போது மாட்டிக்கொள்வார்கள். ல, ள, ழ இடம் மாறும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் குழம்பும். துணைக்கால் காணாமல் போகும். ஒன்பதாவதிலும் இது தொடர்ந்தால் அதைக் கவனக்குறைவு என்று சொல்லி ஐம்பது முறை இம்போசிஷன் எழுத வைப்பது வீண். தப்பாக எழுதியதையே ஐம்பது முறை எழுதிக்கொண்டு வருவான்.

மாலை

வீட்டுக்கு வந்ததும் முதலில் யூனிபார்ம் மாற்றட்டும். சட்டைக் காலரின் லேபிள், பெல்ட், வியர்வையில் நனைந்த சாக்ஸ் என்று நமக்குத் தோன்றாத தொந்தரவுகள் சிலருக்கு நாள் முழுக்க அரித்துக்கொண்டே இருக்கும். லேபிளை வெட்டிவிடுவது இந்தப் புத்தகத்திலேயே செலவில்லாத யோசனை. அடுத்து சாப்பாடு. மதியம் டப்பாவில் பாதி திரும்பி வந்திருக்கும். சாப்பாட்டுக்கூடச் சத்தத்தில் பலரால் சாப்பிட முடிவதில்லை. ஏடிஹெச்டிக்கு மாத்திரை எடுக்கும் பிள்ளைகளுக்குப் பகலில் பசி குறைவதும் உண்டு. கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு தட்டு சுண்டலோ தோசையோ வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அதன்பிறகு முக்கால் மணி நேரம் அவனுடையது. ஃபேனுக்கு அடியில் படுத்துக்கிடக்கலாம், ஒரே பாட்டைப் பத்து முறை கேட்கலாம். போன் பார்க்கலாமா? என் கருத்தில் பார்க்கலாம். எப்போது முடியும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். கையிலிருந்து போனைப் பிடுங்குவதால் வரும் சண்டையில் இரண்டு மணி நேரம் போகும். அலாரம் வைத்து, "இந்த வீடியோ முடிஞ்சதும்" என்று ஒப்பந்தம் செய்தால் பெரும்பாலான நாட்களில் வேலை நடக்கும். எல்லா நாளும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுப்பாடத்துக்கு உச்சவரம்பு வையுங்கள். தொடங்கியதிலிருந்து 40 நிமிடம். முடிந்ததோ இல்லையோ நோட்டை மூடிவிட்டு, "இன்று 40 நிமிடம் முயன்றான்" என்று டைரியில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முன்கூட்டியே வகுப்பாசிரியரைப் பார்த்து இதைச் சொல்லிவைப்பது நல்லது. பள்ளி வாசலில் கூட்டத்தோடு நின்று பேசாதீர்கள், நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள். "மிஸ், பத்துக் கணக்குக்குப் பதிலா நாலு போட்டா அவனுக்குத் தெரியுதான்னு உங்களுக்கே புரிஞ்சிடும்" என்பது போல ஒரே ஒரு கோரிக்கையோடு போனால் ஒப்புக்கொள்கிற ஆசிரியர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பத்துக் கோரிக்கைகளோடு போனால் எதுவும் நடக்காது. எழுதச் சிரமப்படும் பிள்ளைக்கு விடையை வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். இதை ஏமாற்று வேலை என்று பாட்டி சொல்லக்கூடும். பரீட்சையில் அரசே அனுமதிக்கும் முறைதான் இது, அதைக் கீழே சொல்கிறேன்.

டியூஷன் பற்றி நிறைய பேர் என்னோடு உடன்பட மாட்டார்கள். முப்பது பேர் நெருக்கி உட்காரும் டியூஷன் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. பகலில் புரியாத அதே பாடத்தை அதே முறையில் அதைவிடச் சத்தமான இடத்தில் மறுபடி நடத்துவதால் என்ன ஆகிவிடும்? வாரம் இரண்டு நாள், ஒரே பாடம், தனியாகச் சொல்லித்தர பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவி ஒருவர் போதும். மிச்சப்படும் மாலைகளில் பிள்ளை சும்மா இருக்கட்டும்.

நம் ஊரான விருத்தாசலம் ஜங்ஷனாக இருப்பதால் இங்கே ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் உண்டு. சேலம் பாதை எங்கே பிரிகிறது, கடலூர் வண்டி எந்த பிளாட்பாரம், எந்த எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்குக் கடக்கும் என்று ஒப்பிப்பார்கள். இதைப் பார்த்ததும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு யோசனை தோன்றிவிடும்: ரயிலை வைத்தே வேகம், தூரம், காலம் நடத்திவிடலாம்! ஒன்றிரண்டு முறை பலிக்கும். பிறகு அவனுக்கு ரயிலும் கசந்துவிடும். அவனுக்கென்று இருக்கும் ஒரு சந்தோஷத்தையும் பாடமாக்கிவிடாதீர்கள். கூடவே போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள், போதும்.

காலை, போக மாட்டேன் என்னும் காலை

பதின்வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகப் பின்னுக்குப் போகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான். ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் உள்ளவர்களுக்குத் தூக்கப் பிரச்சினை இன்னும் அதிகம். அதனால் காலையில் செய்யும் வேலைகளை இரவுக்கு நகர்த்துங்கள். பை, யூனிபார்ம், தண்ணீர் பாட்டில் எல்லாம் வாசல் பக்கம் ஒரே இடத்தில் இருக்கட்டும். "பல்லு தேய், குளி, சட்டை போடு" என்று ஐந்து கட்டளைகளைச் சேர்த்துச் சொல்வதைவிட குளியலறைக் கதவில் வரிசையாக ஒட்டிய ஒரு தாள் நன்றாக வேலை செய்யும். குரலோடு போடுவதைவிடத் தாளோடு எல்லோரும் குறைவாகத்தான் சண்டை போடுவார்கள்.

திங்கட்கிழமை தோறும் வயிற்று வலி என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், வலி பொய்யல்ல. உடம்பில் ஒன்றுமில்லை என்றால் அன்றைய டைம்டேபிளை எடுத்துப் பாருங்கள். எந்தப் பிரிவேளை? யார் பக்கத்தில் உட்காருகிறார்கள்? கழிப்பறைக்குப் போகிறானா, அல்லது பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொள்கிறானா? பெண் பிள்ளையாக இருந்தால் மாதவிடாய் நாட்களில் என்ன செய்கிறாள்? யாராவது அடிக்கிறார்களா? கல்வி உரிமைச் சட்டம் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பெரும்பாலும் "ஸ்கூல் பிடிக்கலை" என்பதற்குள் ஒரு சின்ன, தீர்க்கக்கூடிய காரணம் ஒளிந்திருக்கும்.

காரணம் கிடைக்காமல் மூன்று நான்கு வாரம் போய்விட்டால், இழுத்துக்கொண்டு போய்த் தள்ளுவதும் வேண்டாம், முழுக்க வீட்டில் விட்டுவிடுவதும் வேண்டாம். மதியம் வரை மட்டும், அல்லது பிடித்த இரண்டு பாடங்களுக்கு மட்டும் என்று தலைமையாசிரியரோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். வருகைப் பதிவு தேர்வைப் பாதிக்கும் என்பதால் மருத்துவச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எதிலும் மனம் ஒட்டாமல், சாக வேண்டும் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

மண்

நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது. செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் கார்த்திகைக்கு அகல் விளக்கும் நவராத்திரிக்குக் கொலு பொம்மையும் வருடம் முழுக்க உருவாகிக்கொண்டிருக்கும். படிப்பில் தத்தளிக்கும் பையனைப் பார்த்து "கம்பெனில விட்டுடு, கைத்தொழிலாவது கத்துக்கட்டும்" என்று யாராவது சித்தப்பா சொல்லியிருப்பார். அதில் பாதி சரி, பாதி ஆபத்து.

சரியான பாதி இது. அச்சு வார்ப்பு வேலையைக் கவனித்துப் பாருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் இரண்டு பாதிகளைச் சேர்த்துக் கட்டி, கூழாகக் கரைத்த களிமண்ணை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவரோரமாக மண் படிகிறது. தேவையான கனம் வந்ததும் மீதியைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் இறுகியதும் அச்சைப் பிரித்து, இணைப்புத் தழும்பைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே வரிசை. எழுத வேண்டியதில்லை. அடுத்து என்ன என்பதை மண்ணே காட்டிவிடும். கெட்டுப்போனால் சூளைக்குப் போகும்வரை மறுபடி கரைத்துக்கொள்ளலாம். சிவப்பு மையால் யாரும் சுழிக்க மாட்டார்கள். வகுப்பில் பத்து நிமிடம் உட்கார முடியாதவன் இங்கே ஒரு மணி நேரம் நிற்பதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அவனுக்குக் கவனமே கிடையாது என்று சொன்னவர்களைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. ஈரமண் விரலில் ஒட்டுவதையே தாங்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் நாளே முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள். பொம்மைக்கு வண்ணம் அடிப்பதும் அடுக்கி எண்ணுவதும் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம்.

ஆபத்தான பாதி: காய்ந்த மண் தூசியில் சிலிகா இருக்கிறது. வருடக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் கெடும், திரும்பச் சரியாகாது. மெருகுப் பூச்சுகளில் ஈயம் போன்ற நச்சு கலந்திருக்கலாம். சூளையின் அருகே நிற்பதே கூடாது. 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதும், 18 வரை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்துவதும் சட்டப்படி குற்றம். ஆகவே சம்பளம் வேண்டாம், எண்ணிக்கை இலக்கு வேண்டாம், நவராத்திரிக்கு முந்தைய அவசர மாதங்களில் வேண்டவே வேண்டாம். தெரிந்தவரின் பட்டறையில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஈர வேலை மட்டும், நீங்களோ அண்ணனோ கூட இருந்து. முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, இவனை ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்லணும். தோள்ல தட்டிக் கூப்பிடாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

மண் பிடித்துவிட்டது என்றதும் இன்னொரு கனவு கிளம்பும்: நம் ஊர் செராமிக் கல்லூரியில் டிப்ளமோ சேர்த்துவிடலாம். நல்ல படிப்புதான். ஆனால் அதற்குப் பத்தாவது தேர்ச்சி வேண்டும், உள்ளே போனால் கணக்கும் வேதியியலும் இருக்கும். பொம்மை வார்ப்பதும் டிப்ளமோ படிப்பதும் வேறு வேறு. ஐடிஐயில் சில பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுச் சலுகையும் அதற்கான பழக்கமும்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள மாணவர்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் சலுகைகள் தருகிறது. சொல்வதை எழுத ஒரு ஆள், மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், தேவைப்பட்டால் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சான்று வாங்கவே மாதங்கள் ஓடும் என்பதால் ஒன்பதாவது தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள். முதலில் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள். எந்த முகாமுக்கு, எந்த நாளில், என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக நேர்ந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். பழைய நோட்டுகள் இரண்டு, ரேங்க் கார்டுகள், ஆதார், போட்டோ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போனால் இரண்டாவது அலைச்சல் மிச்சமாகும். கற்றல் குறைபாட்டுச் சான்றை 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பிட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். எட்டாவதில் வாங்கிய தாள் பத்தாவதில் செல்லாமல் போகலாம்.

சலுகை ஆணை கைக்கு வந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அறிமுகமில்லாத ஒருவருக்கு விடையைச் சொல்லி எழுத வைப்பது தனித் திறமை. பேசத் தெரிந்த பிள்ளைகூட அந்த அறையில் வாயடைத்துப் போகும். ஆகவே காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே ஆள் வைத்துப் பழக்கச் சொல்லிப் பள்ளியைக் கேளுங்கள். வீட்டிலும் பழக்கலாம், ஆனால் அம்மாவே எழுதக் கூடாது. அம்மா பாதியிலேயே புரிந்துகொண்டு முழு வாக்கியமாக்கிவிடுவார். பக்கத்து வீட்டு அக்காவை உட்கார வையுங்கள். முற்றுப்புள்ளி எங்கே, எது புதுப் பத்தி, எதற்கு அடிக்கோடு என்று சொல்லிப் பழக வேண்டும். கணக்கு இன்னும் கடினம்: "பின்னக் கோடு போடுங்க, மேல ரெண்டு எக்ஸ் கூட்டல் மூணு" என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு உண்டு. கையால் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் அதை விட்டுவிடவே கூடாது.

ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. இந்த வீடுகளில் அதுதான் இலக்காக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 35க்கு எந்தெந்தப் பாடங்கள் போதும் என்று ஆசிரியரிடமே கேட்டு, மற்றவற்றின் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். புத்தகம் மெலிந்ததும் பிள்ளையின் தோள் தளர்வதை நீங்களே பார்க்கலாம்.

பள்ளிக்கூடமே முடியாது என்றாகிவிட்டால் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிரம்பினால் பத்தாவதுக்குச் சேரலாம். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்புகள். அந்தச் சான்றிதழோடு அடுத்து எங்கே சேர நினைக்கிறீர்களோ அங்கே முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வீட்டில் எட்டு மணி நேரம் பாடம் நடத்துவதற்காக இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாளைக்கு இரண்டு மணி நேரம் தாராளம்.

ஊரும் உறவும்

மாசி மகம் பொதுத்தேர்வுக்குச் சற்று முன்னால் வருகிறது. பழமலைநாதர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கூட்டமும் ஒலிபெருக்கியும் வெடியும். உங்கள் வீடு அந்தப் பக்கம் என்றால் அந்தப் பத்து நாளைக்குப் பிள்ளையைப் பெரியப்பா வீட்டுக்கோ நெய்வேலியில் இருக்கும் மாமா வீட்டுக்கோ அனுப்பிவைக்கலாம். தேர் பார்க்க ஆசைப்பட்டால் கூட்டம் சேருமுன் காலையில் கூட்டிப்போய்த் தேரைக் கிட்டத்தில் காட்டிவிட்டுத் திரும்பிவிடுங்கள். காதை அடைத்துக்கொள்ளும் பையனைப் பார்த்துச் சிரிக்கும் உறவினரிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். "அவனுக்குச் சத்தம் ஆகாதுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். குறைபாட்டின் பெயரை யார் யாரிடம் சொல்வது என்பதைப் பதின்மூன்று வயதுக்கு மேல் பிள்ளையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அண்ணனுக்கு வீட்டுப்பாடம் குறைவு, தனக்கு மட்டும் ஏன் முழுசு என்று தங்கை கேட்பாள். நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்லுங்கள், வாரத்தில் ஒரு மாலை அவளுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். பல வீடுகளில் இந்த வேலை முழுவதும் அம்மாவின் தலையில் விழுகிறது. பள்ளிக்குப் போய்ப் பேசுவதையாவது அப்பா எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவும் வந்து உட்கார்ந்தால் பள்ளியில் பேச்சின் தொனியே மாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அது சரியா தப்பா என்ற விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மே மாதத்தில் முடிவு வரும் நாளுக்கும் முன்கூட்டியே திட்டம் வேண்டும். முடிவை முதலில் பிள்ளை பார்க்க வேண்டும், அல்லது அவன் கைகாட்டும் ஒருவர் பார்க்க வேண்டும். காலையில் உங்கள் போனை சைலண்டில் போட்டுவிடுங்கள். மதிப்பெண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. ஒன்றிரண்டு பாடம் போயிருந்தால் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வரும்; விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் மிகக் குறைவு என்பதால் பள்ளி அலுவலகத்துக்கு அடுத்த நாளே போய்விடுங்கள். போகும்போது சலுகை ஆணையின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். மார்ச்சில் கொடுத்தது துணைத் தேர்வுக்கும் தானாக வந்து சேரும் என்று நம்பியிராமல், ஆளும் கூடுதல் நேரமும் அதற்கும் உண்டா என்பதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு வாருங்கள்.